ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை

மாதத்தின் கடைசி வேலைநாளன்று அத்தையின் கைப்பைக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று வரும். அடுத்த மாதத்துக்கான அட்டவணை. நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் தேவநாகரியில் இரண்டு மூன்று சொற்கள்: பஜனை, எடை பார்த்தல், ரங்கோலி, டாக்டர் வருகை, யாருடையதோ பிறந்தநாள். சனி, ஞாயிறுக் கட்டங்கள் மட்டும் காலி. பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவேன். காலையில் காபி குடித்ததும் அத்தை அதன் முன்னால் போய் நின்று, "இன்னிக்கு எது?" என்று கேட்பார். அவர் விரலைப் பிடித்து அன்றைய கட்டத்தின் மேல் வைப்பேன். மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியே கிடையாது. கிழமை என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இப்போது 78 வயது. கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து புனேயின் கட்கிக்கு வந்தவர். மாமா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1869-ல் தொடங்கிய பழைய தொழிற்சாலை அது. மாமா காலமான பிறகு மறதி என்று ஆரம்பித்தது. பிறகு டாக்டர் அதற்கு டிமென்ஷியா என்று பெயர் சொன்னார். இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரை, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் 'டே கேர்' என்றுதான் சொல்கிறோம். அங்கே என்ன செய்வார்கள், ஒரு மாதம் எப்படிப் போகும், யாருக்கு அது சரிப்படும் என்று ஊரிலிருந்து போன் செய்து கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். புனேயில் முதியவர்களுக்கென்று பகுதிக்குப் பகுதி இருப்பது விரங்குளா கேந்திரம். விரங்குளா என்றால் மராத்தியில் மனசுக்கு ஒரு மாறுதல், பொழுதுபோக்கு. மாநகராட்சி பல வார்டுகளில் இடம் கொடுத்திருக்கிறது. மூத்த குடிமக்கள் சங்கத்தார் கூடுகிறார்கள். செய்தித்தாள், கேரம், எப்போதாவது ஒரு சொற்பொழிவு, பிறந்தநாள் வாழ்த்து. இந்தச் சங்கங்களுக்கு மாநில அளவில் ஃபெஸ்காம் என்ற கூட்டமைப்பும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் தானாக நடந்து வந்து தானாக வீடு திரும்பத் தெரிந்தவர்களுக்கான இடம் அது. அடுத்தது விருத்தாசிரமம், அதாவது இராத்தங்கலுடன் கூடிய முதியோர் இல்லம். நவி பேட்டையில் இருக்கும் நிவாரா, டேவிட் சாசூனின் பெயரில் 1860-களிலேயே தொடங்கிய இல்லம்; இந்த ஊருக்கு அந்த வழக்கம் புதிதல்ல. மூன்றாவது, 'ப்யூரோ' வழியாக வீட்டுக்கு வரும் ஆயா. பன்னிரண்டு மணி நேர டியூட்டி, இருபத்துநாலு மணி நேர டியூட்டி என்று பேசி வைத்துக்கொள்வது.

டே கேர் இந்த மூன்றிலும் சேராது. தனியாக வெளியே அனுப்ப முடியாது, வீட்டில் தனியாக விடவும் முடியாது, ஆனாலும் இராத்திரி தன் கட்டிலில், தன் மனிதர்கள் பேசும் சத்தம் காதில் விழத் தூங்கவேண்டும் என்று இருப்பவர்களுக்கானது. மறதி நோய் தொடங்கியவர்கள், பக்கவாதத்திலிருந்து எழுந்தவர்கள், பார்க்கின்சன் உள்ளவர்கள், துணையை இழந்து பேச்சே நின்றுபோனவர்கள். அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு இருப்பதாக 2023-ல் வெளிவந்த தேசிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோரை வீட்டில் இருக்கும் யாரோ ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். பெரும்பாலும் ஒரு பெண்.

இந்த யோசனை இரண்டு வெவ்வேறு இடங்களில் வேர்விட்டது. 1950-களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், கௌலி ரோடு மருத்துவமனையில் லயனல் காசின் என்ற டாக்டர், முதியவர்கள் காலையில் வந்து சிகிச்சையும் பயிற்சியும் பெற்று மாலையில் வீடு திரும்பும் பகல் மருத்துவமனையை நடத்தினார். படுக்கையில் கிடத்தினால் முதியவர்கள் எழுவதே இல்லை என்பது அவர் கண்டது. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுன் பகுதியில், பெற்றோரை எங்கோ ஒரு நர்சிங் ஹோமில் விட மனசில்லாத குடும்பங்களுக்காக ஆன் லோக் என்ற அமைப்பு 1970-களின் தொடக்கத்தில் ஒரு பகல் மையத்தைத் திறந்தது. கான்டனீஸ் மொழியில் அந்தப் பெயருக்கு அமைதியும் மகிழ்ச்சியும் உள்ள இருப்பிடம் என்று பொருள். அந்தக் குடும்பங்களின் தயக்கம் நம் வீடுகளில் இருக்கும் அதே தயக்கம்தான். இந்தியாவில் அல்சைமர் நோய்க்கான சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. 1992-ல் கேரளத்தில் தொடங்கி, மற்ற நகரங்களிலும் கிளைவிட்டது.

புனேயில் சிலர் இதை 'ஆஜி ஆஜோபாக்களின் பாளணாகர்' என்கிறார்கள். பாளணா என்றால் தொட்டில். பாளணாகர் என்றால் குழந்தைக் காப்பகம். அன்பாகத்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன். குழந்தைக்கு நாளைக்குப் புதிதாக ஒன்று கற்றுக்கொடுக்கலாம். எழுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு ஏற்கெனவே ஆயிரம் விஷயம் தெரியும். அதில் எது இன்னும் அவர் கைக்கு எட்டுகிறது என்று தேடி எடுத்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை. குழந்தையாக நினைத்துக் கைதட்டிக் கொஞ்சுகிற மையத்தில் பெரியவர்கள் வாடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மையங்களைப் பார்க்கப் போனால் முதலில் ஆல்பம் காட்டுவார்கள். கணபதி, தீபாவளி, பலூன், கேக். பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் நான் கேட்கச் சொல்வது வேறு: விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று கேளுங்கள். முடிந்தால் அப்படி ஒரு நாளில் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். அப்படி நான் உட்கார்ந்து பார்த்த ஒரு ஜனவரிச் செவ்வாய் இது.

ஜனவரியில் புனேயின் காலைக் குளிர் பத்து டிகிரியைத் தொடும். வேன் ஒன்பதரைக்கு வரும்போது எல்லோரும் ஸ்வெட்டரும் காதை மூடிய மஃப்ளருமாக இறங்குவார்கள். இறங்குவதற்கே ஒரு ஒழுங்கு உண்டு. மாவ்ஷி முதலில் முன்னால் வந்து நின்று, முகத்தைக் காட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகுதான் கையைத் தொடுவார். பின்னாலிருந்து தொட்டால் மறதி நோய் உள்ளவர் பதறிப் போவார். மாவ்ஷி என்றால் சித்தி, பெரியம்மா. மையத்தின் பெண் உதவியாளர்களை எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர்கள் பாட்டிகளை ஆஜி என்றும் தாத்தாக்களை ஆஜோபா என்றும் அழைக்கிறார்கள்.

உள்ளே வாசலுக்கு நேர் எதிரே ஒரு கரும்பலகை. இன்று செவ்வாய். ஜனவரி. குளிர்காலம். மதியம் மடார் உஸள். அவ்வளவுதான் எழுதியிருக்கும். யாரையும் பிடித்து இன்று என்ன தேதி என்று பரீட்சை வைப்பதில்லை. "இவங்க யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் அத்தையைக் கேட்பதுண்டு. பதில் தெரியாமல் அவர் கண் அலைபாயும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். மையத்தில் பதிலை முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவார்கள். இதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. இங்கிலாந்தில் எய்மி ஸ்பெக்டரும் மற்றவர்களும் வகுத்த அறிவுத்தூண்டல் பயிற்சி. வாரம் இருமுறையாக ஏழு வாரம், பதினான்கு அமர்வு. சின்னக் குழுவாக உட்கார்ந்து உணவு, ஒலி, பணம், பழைய நாட்கள் என்று ஒவ்வொரு பொருளைப் பற்றிப் பேசுவது, கருத்துக் கேட்பது. நினைவிருக்கிறதா என்று கேட்பதை விட, உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்பதுதான் அதன் சூட்சுமம். பிடித்தம் பிடிக்காமைக்கு நினைவு தேவையில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் இந்தப் பயிற்சியை நம் சூழலுக்கு ஏற்ப மாற்றித் தமிழில் நடத்திப் பார்த்திருக்கிறது.

பத்தரைக்கு முற்றத்து வெயிலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உடற்பயிற்சி. அதில் முக்கியமான ஒன்று நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஐந்து முறை, பிறகு எட்டு முறை. பார்க்க ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். தொடையில் அந்த வலு இருக்கும் வரைதான் ஒருவர் தானாகக் கழிவறைக்குப் போய்வர முடியும். பிறகு ஒரு பலூனை வட்டத்தில் தட்டிவிடுவார்கள். பந்தை விட மெதுவாக வருவதால் கை எட்டிவிடும். எட்டிய கை தோள்வரை உயர்ந்துவிடும்.

பதினொன்றரைக்குப் பட்டாணி வந்தது. ஜனவரியில் புனே சந்தை முழுக்கப் பச்சைப் பட்டாணிதான். நீளமான மேஜையில் செய்தித்தாள் விரித்து நடுவில் ஒரு குவியல் கொட்டினார்கள். அதுவரை கண்மூடிச் சாய்ந்திருந்த இரண்டு ஆஜிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அத்தை ஒரு நெற்றை எடுத்து, நுனியை விரல் நகத்தால் கிள்ளி, நாரை இழுத்து, கட்டைவிரலால் ஒரே வழிப்பு வழித்தார். மணிகள் கிண்ணத்தில் விழுந்த சத்தத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டார். என் பெயர் மறந்த நாட்களிலும் அவர் விரலுக்கு இது மறக்கவில்லை. செய்து செய்து கைக்குப் பழகிய வேலையை மூளை வேறோரிடத்தில் வைத்திருக்கிறது. அல்சைமர் அங்கே போய்ச் சேர நெடுநாளாகும். மராத்தி பேசும் பக்கத்து ஆஜி புழு இருந்த ஒரு நெற்றைக் காட்டி ஏதோ சொன்னார். அத்தை தமிழில் ஏதோ பதில் சொன்னார். இருவருக்கும் புரிந்தது. அந்தப் பட்டாணி சமையலறைக்குப் போய் ஒன்றரை மணிக்குள் மடார் உஸளாகத் திரும்பி வந்தது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: உரிக்கச் சொல்லிவிட்டு, பிறகு தூக்கிப் போடுகிற விளையாட்டாக இருந்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வேலை நிஜமாக இருக்கவேண்டும்.

மதியச் சாப்பாடு வரண், குழைந்த சாதம், ஒரு காய், தாக் எனும் மோர். வரண் என்பது நெய் விட்ட வெறும் துவரம்பருப்பு. அத்தை அதைப் பருப்பு சாதம் என்றே பிசைந்து சாப்பிடுகிறார். பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு, அதற்கு மேல் தூங்கவிடுவதில்லை. பகலில் தூங்கினால் இரவில் வீடு விழித்திருக்கவேண்டும். மூன்று மணிக்குப் பாட்டு. பழைய மராத்திப் பாட்டு, இந்திப் பாட்டு, அபங்கம். மூன்றரைக்குத் தேநீர், பிஸ்கட். நாலரைக்கு வேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. வெயில் சாயும் நேரத்தில் டிமென்ஷியா உள்ள பலருக்கு மனம் கலங்கும். "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்" என்பார்கள், வீட்டிலேயே இருந்தாலும். அந்த நேரம் வருவதற்கு முன் பழகிய இடத்துக்குக் கொண்டு சேர்த்துவிடுவது நல்லது. நாங்களும் ஐந்தரைக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறோம்.

இதே வரிசை புதனும் வியாழனும். பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். நினைவு நழுவுகிறவருக்கு இந்த மாறாத வரிசைதான் கைப்பிடிச் சுவர்.

வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று வருபவையும் உண்டு. ரத்த அழுத்தம் வாராவாரம் பார்க்கிறார்கள். முதல் வாரத்தில் எடை. பெரியவர்கள் எடை குறைவது நம் கண்ணுக்குத் தெரியாது. புடவை தளர்வதுகூடத் தெரியாது. ஆறு மாதத்தில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது அறுபது கிலோ உள்ளவர் மூன்று கிலோ குறைந்தால், டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். மறதியில் சாப்பிடவில்லையா, பல்செட் பொருந்தவில்லையா, விழுங்கச் சிரமமா, வேறு நோயா என்று தேட அந்த எண்தான் முதல் துப்பு. இரண்டாம் வாரம் கால் நகம் வெட்டிப் பாதத்தைப் பார்ப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அலங்காரமல்ல. மாதக் கடைசியில் வீட்டாருடன் அரை மணிப் பேச்சு.

இவற்றை விட எங்களைக் காப்பாற்றியது நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று. அத்தையின் பையில் தினமும் போய்வரும். காலையில் நான் எழுதுவேன்: இரவு இருமுறை எழுந்தார், மலம் போகவில்லை, மாத்திரை கொடுத்தாயிற்று. மாலையில் அவர்கள் எழுதுவார்கள்: தண்ணீர் நாலு டம்ளர், சாதம் பாதி, பாட்டில் சேர்ந்தார். சென்ற மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, "இன்று ஒரே தூக்கம், பேச்சு குழறல், தண்ணீர் ஒன்றரை டம்ளர், இது ஆஜியின் வழக்கம் இல்லை" என்று எழுதியிருந்தது. நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் மனசைத் தேற்றிக்கொண்டிருப்போம். டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்துத் தொற்று என்றார். ஐந்து நாள் மருந்தில் பழைய அத்தை திரும்பி வந்தார். டிமென்ஷியா மாதக் கணக்கில்தான் நகரும். ஓரிரு நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால் அது பெரும்பாலும் வேறொன்று: தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றியது, சோடியம் குறைந்தது, புதிதாகச் சேர்த்த மாத்திரை. தினம் பார்க்கும் ஒரு கண்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

பண்டிகைக்கு வருகிறேன். ஜனவரித் தாளில் பெரிய கட்டம் சங்கராந்தி. நமக்குப் பொங்கல் வரும் அதே நேரம். எள்ளும் வெல்லமும் உருட்டி, "திள்கூள் க்யா, கோட் கோட் போலா" என்று சொல்லிக் கொடுப்பார்கள். எள்ளும் வெல்லமும் எடுத்துக்கொள்ளுங்கள், இனிமையாகப் பேசுங்கள் என்பது பொருள். பல் இல்லாதவர்களுக்கு உருண்டை கெட்டி என்பதால் பொடியாக வைக்கிறார்கள். அதையொட்டி வருவது ஹளதி-குங்கூ, பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் குங்குமம் இட்டுப் பரிசு கொடுப்பது. வழக்கப்படி அது சுமங்கலிகளுக்கு மட்டும்.

நாங்கள் சேர்த்த முதல் ஜனவரியில் வெளியிலிருந்து ஒரு மகளிர் குழு வந்து அதை நடத்தியது. நான் கூடப் போயிருந்தேன். வரிசையாக வந்தார்கள். கணவர் இருக்கிற ஆஜிகளுக்குக் குங்குமம், மற்றவர்களுக்குக் கையில் திள்கூள் மட்டும். அத்தை நெற்றியை நிமிர்த்திக் காட்டிக் காத்திருந்தார். மாமா இறந்தது அவர் நினைவில் நிற்பதில்லை. கை அவரைத் தாண்டி அடுத்த நாற்காலிக்குப் போயிற்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. அந்தக் கூடத்தில் பாதிக்கு மேல் கணவரை இழந்தவர்கள். எந்த முதியோர் மையத்திலும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அன்று மாலையே மையத்தை நடத்துபவரிடம் பேசினேன். அவர் வாதாடவில்லை; கண் கலங்கினார். இது தோண்டோ கேசவ் கார்வே வாழ்ந்த ஊர். 1893-ல் கணவரை இழந்த ஒரு பெண்ணைத் திருமணம் செய்து, 1896-ல் அப்படிப்பட்ட பெண்களுக்கென்றே இங்கே ஆசிரமம் தொடங்கியவர். 104 வயது வரை இருந்தார். 2022 மே மாதம் கோலாப்பூர் மாவட்டத்தின் ஹேர்வாட் கிராமப் பஞ்சாயத்து, கணவன் இறந்தால் வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது போன்ற சடங்குகள் தங்கள் ஊரில் கூடாது என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஜனவரியிலிருந்து எங்கள் மையத்தில் ஹளதி-குங்கூ எல்லா ஆஜிகளுக்கும். வேண்டாம் என்று கையால் மறிப்பவர்களுக்கு வேண்டாம். கேட்காமல் தாண்டிப் போவது மட்டும் கிடையாது. விழாக் கொண்டாடுகிறார்களா என்பதை விட, அதில் யாரையாவது விட்டுவிடுகிறார்களா என்று பாருங்கள்.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று மொழி. அத்தை ஐம்பது வருடம் கட்கிச் சந்தையில் பேரம் பேசியது மராத்தியில். அந்த மராத்திதான் முதலில் போயிற்று. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இந்த நோயில் பின்னால் கற்றது முதலில் உதிர்ந்து, தாய்மொழி கடைசி வரை நிற்பது பரவலாகக் காணும் ஒன்று. கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் வயதாகிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இது நேரும். சேர்த்த புதிதில் அத்தை "தண்ணி, தண்ணி" என்று சொல்லியிருக்கிறார், அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு ஒரு மாவ்ஷி தானாகவே என்னிடம் கேட்டு, பன்னிரண்டு தமிழ்ச் சொற்களைத் தேவநாகரியில் எழுதிப் பலகையின் ஓரத்தில் ஒட்டிவைத்தார். தண்ணி, போதும், வலிக்குதா, பாத்ரூம், சாப்டீங்களா, பயப்படாதீங்க. அவர் "வலிக்குதா ஆஜி?" என்று கேட்கும்போது 'லி' கொஞ்சம் நீளும். அத்தை அவரைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் என்றே நம்புகிறார். ஒரு மையம் மராத்தியில் நடந்தால் பரவாயில்லை. இப்படிப் பன்னிரண்டு சொல் கற்கத் தயாராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பாட்டுப் பட்டியலில் இரண்டு தமிழ்ப் பாட்டைச் சேர்க்கச் சொல்லி நாமும் கேட்கவேண்டும்.

முதல் மாதம் கஷ்டம். மறைப்பதற்கில்லை. வேன் வந்ததும் அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னை எங்கேயோ விட்டுட்டுப் போறீங்க" என்று அழுதார். என் கணவர் இரண்டாம் நாளே வேண்டாம் என்றார். மையத்தில்தான் வழி சொன்னார்கள்: முதல் வாரம் இரண்டு மணி நேரம், நான் கூடவே. அடுத்த வாரம் சாப்பாடு வரை. மூன்றாம் வாரம் முழு நாள், ஆனால் ஒன்று விட்டு ஒருநாள். டே கேர், சிகிச்சை, பயிற்சி என்றெல்லாம் விளக்கக் கூடாது; "அங்க பட்டாணி உரிக்க ஆள் வேணுமாம்" என்றால் கிளம்பிவிடுவார். அது பொய்யும் அல்ல. ஆறு வாரத்துக்குப் பிறகும் ஒருவர் தினமும் கலங்கினால் அந்த இடமோ நேரமோ அவருக்குச் சரியில்லை என்று ஏற்றுக்கொள்ளவேண்டும். நோய் முற்றிய நிலையில், படுத்தபடி இருப்பவர்களுக்கும் கூட்டத்தைக் கண்டாலே மிரள்பவர்களுக்கும் வீட்டு உதவிதான் பொருத்தம்.

அந்த ஏழு மணி நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று ஒரு உறவினர் கேட்டார். குளிக்கிறேன். கதவைத் தாழ் போட்டுக் குளிக்கிறேன். அதற்கு முன் ஒன்றரை வருடம் கதவைத் திறந்து வைத்து, காதை வெளியே வைத்துத்தான் குளித்தேன். பிறகு என் வேலை, வங்கி, சில நாள் ஒன்றுமே செய்யாமல் படுத்திருப்பது. மாலையில் வேன் சத்தம் கேட்கும்போது அத்தையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. முன்பு அப்படி இருந்ததில்லை என்பதை இங்கே எழுதவேண்டியது என் கடமை, ஏனென்றால் இதைப் படிக்கும் யாரோ ஒரு மருமகளோ மகளோ தன்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

கட்டணம் மையத்துக்கு மையம் மிகவும் மாறும், அதனால் தொகை சொல்வதில் பயனில்லை. மாதக் கட்டணமா, வந்த நாளுக்கு மட்டுமா, வேனுக்குத் தனியா, டயப்பர் நாம் கொண்டுவரவேண்டுமா, ஒரு வாரம் வராவிட்டால் கழிப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழிவறையைப் போய்ப் பாருங்கள்: கைப்பிடி இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா, வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாளா. எத்தனை பேருக்கு எத்தனை மாவ்ஷி என்று எண்ணுங்கள். அவர்கள் மாதாமாதம் மாறுகிறார்களா என்று கேளுங்கள், ஏனென்றால் தெரிந்த முகம்தான் பாதி மருந்து. யாராவது விழுந்தால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள். அரசு உதவி இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ம் ஆண்டுச் சட்டம், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லத்தையாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. பகல் மையம் வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு இது பெரிய குறை, இதை நாம் கேட்டுப் பெறவேண்டும். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று அறிய 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை எடுப்பார்கள். சென்னையிலும் புனேயிலும் அதே எண்தான்.

நவம்பர் மாதத் தாளில் ஓய்வூதியக்காரர்களின் உயிர்ச்சான்றுக்கு ஒரு கட்டம் இருக்கும். வங்கிக்கு இழுத்துப் போகாமல் மையத்திலேயே ஒரு ஆள் வந்து ஜீவன் பிரமாண் முறையில் பதிந்துவிடுகிறார். எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே இது முடியும். சின்ன விஷயம், ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

இந்த ஜனவரியில் அட்டவணையில் எழுதாத ஒன்றும் நடந்தது. ஜன்னலோர நாற்காலியில் தினமும் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்த ஆஜோபா ஒரு சனிக்கிழமை இரவு வீட்டில் காலமானார். திங்களன்று மையத்தில் அதை மறைக்கவில்லை. பலகையில் அவர் பெயரை எழுதி, கீழே ஒரு பூ வைத்திருந்தார்கள். காலைப் பாட்டுக்குப் பதில் அவருக்குப் பிடித்த அபங்கத்தைப் பாடினார்கள். சிலருக்குப் புரிந்தது, சிலருக்குப் புரியவில்லை. அந்த நாற்காலியை ஒரு வாரம் யாரும் எடுக்கவில்லை. பிறகு அதில் புதிதாக வந்த ஒரு ஆஜி உட்கார்ந்தார். அவர் இன்னும் இரண்டு மணி நேரக்காரர், மகள் கூட வருகிறாள்.

ரங்கோலி நாளில் மற்றவர்கள் வண்ணம் தூவ, அத்தை மட்டும் மாவைக் கிள்ளிப் புள்ளி வைக்கத் தொடங்கினார் என்று மாவ்ஷி நோட்டில் எழுதியிருந்தார். மராத்திக்காரர்களுக்கும் புள்ளி ரங்கோலி உண்டு. ஆனால் புள்ளியைச் சுற்றி வளைந்து வரும் நம் சிக்குக் கோலம் அவர்களுக்குப் புதிது, சுற்றி நின்று பார்த்தார்களாம். அதிலிருந்து பழைய மாதத் தாள்களை நான் எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். முப்பத்தொன்றாம் தேதி பிப்ரவரித் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு ஜனவரித் தாளை அத்தையிடம் கொடுத்தேன். ஏழு புள்ளி வரிசை வைத்து வளைக்கத் தொடங்கினார். ஒரு மூலையில் கோடு வந்த வழி தெரியாமல் நின்றது. பென்சிலைத் தூக்கி முனையைப் பார்த்துவிட்டு, "கூர் போயிடுத்து, சீவிக் குடு" என்றார்.